கொடியில் குறைந்த இலை

ஆறு கிளாஸ்களில் ஒன்றில் மட்டும் திராட்சைக் கொடியில் ஓர் இலையைக் காணோம்.

ஜோசஃபின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னச் சக்கரத்தால் கண்ணாடியைத் தேய்த்துச் செதுக்கிய கொடி அது; நகம் பட்டால் சொரசொரக்கும், பனி படிந்ததுபோல வெளுத்துத் தெரியும், ஈரமோ எண்ணெயோ பட்டால் மட்டும் மறைந்துபோகும். விளிம்புக்குக் கீழே, ஒரு கீழுதடு அளவுக்கு மறைந்திருந்தது.

யாரோ குடித்திருக்கிறார்கள்.

துடைத்தாள். இலை வந்தது. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் அதே கிளாஸில் இரண்டு இலைகள் இல்லை.

"எங்க பரம்பரைச் சொத்து" என்று ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கணவர் ஹெர்பர்ட்டின் தாத்தா ஒரு துரையிடம் பட்லர், இவற்றைக் கழுவியே காலம் கழித்தவர், ஒரு நாளும் இவற்றில் குடித்ததில்லை, துரை கப்பலேறும்போது விட்டுப்போனவைதான் இந்தக் கிளாஸ்கள் என்பதையெல்லாம் சொல்லமாட்டாள்.

இருபது வருடமாக இவற்றைக் கழுவியவள் வீட்டு வேலைக்கு வரும் மர்பி டவுன் சரசு. வினிகரில் தோய்த்த பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கீறலையும் தேய்ப்பாள். அவள் தண்ணீர் குடிப்பது பின்கட்டில், நசுங்கிய அலுமினிய டம்ளரில்.

போன மாதம் இதே சாப்பாட்டு அறையில் சரசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

"தண்ணிம்மா..."

விருந்துக்காக மேஜையில் ஆறு கிளாஸிலும் தண்ணீர் இருந்தது. கைக்கெட்டும் தூரம்.

"ஸ்வல்ப இருடி, கொஞ்ச நேரம், உன் டம்ளர எடுத்துட்டு வர்றேன்" என்று ஜோசஃபின் பின்கட்டுக்குப் போனாள். டம்ளர் தொட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தேடி, கழுவி, நிரப்பி வருவதற்குள் சரசு போய்விட்டாள்.

"கிளாஸ் எதுவும் உடையலையே?" என்றார் ஹெர்பர்ட்.

இன்று மாலை மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார் வருகிறார்கள். பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஹெர்பர்ட் கேக் வாங்கப் போயிருந்தார். ஜோசஃபின் கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, எங்கிருந்தோ வினிகரும் ஈரக் கரித்துணியும் கலந்த ஒரு வாசம் அறைக்குள் மெல்லப் பரவியது.

சரசு கையின் வாசம்.

ஒரு கிளாஸில் தண்ணீர் இறங்கியது. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. கொடியில் இலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஜோசஃபினின் நெஞ்சு இறுகியது. கால் மடங்கியது. தரை. குளிர்ந்த சிவப்புத் தரை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி..."

மேலே ஐந்து கிளாஸ்கள் ததும்பி நின்றன. கைக்கெட்டும் தூரம். கை எழவில்லை.

காதருகே புடவை உரசியது.

"ஸ்வல்ப இருங்கம்மா. உங்க டம்ளர எடுத்துட்டு வர்றேன்."

வெறுங்கால்கள் பின்கட்டுக்கு நடந்தன. அவசரமே இல்லை. தொட்டிக்குப் பின்னால் துழாவும் சத்தம். அலுமினியம் தரையில் விழும் சத்தம். உருளும் சத்தம்.

மறுபடியும், முதலிலிருந்து, துழாவும் சத்தம்.