மூச்சாலைக்கு இன்னும் முப்பது ஆண்டு

நெய்தல்நகர்ப் பல்கலைக்கழகத்தில் இடைநிலை நிதிக் கணக்கியல் வகுப்புக்கு வருகிறவர்கள் வாசலில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். முழு மூளையை அல்ல. காதுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் பின்மூளையை. செருப்பு வைக்கும் அலமாரி மாதிரி ஒன்று வாசலில் இருக்கும், அதில் ஆளுக்கொரு குழி. கழற்றிய கணத்தில் எல்லா முகங்களும் சற்றுத் தொங்கிப்போகும். பெருக்கல் வாய்ப்பாடு மறந்துவிடும், அடுத்த வீட்டுக்காரர் பெயர் மறந்துவிடும். சிலருக்குத் தங்கள் இருக்கை எதுவென்பதே மறந்துவிடும். காலி இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள்.

யூரோப்பா நிலவின் பனிப்பாறைக்கு அடியில் குடைந்த அந்த நகரத்தில் மற்ற எந்தப் படிப்புக்கும் இந்தக் கஷ்டம் கிடையாது. மருத்துவமோ பொறியியலோ பின்மூளையில் இறக்கிக்கொண்டால் போதும். கணக்கியலுக்கு மட்டும் வெறும் மண்டை வேண்டும் என்று சட்டம்.

ஒரு காலத்தில் நகரத்தின் எல்லாக் கணக்கையும் ‘கணக்கன்’ என்ற இயந்திரமே எழுதிவந்தது. கூட்டல் கழித்தலில் அது தவறாதது பெரிய விஷயமில்லை. மதிப்பீட்டிலும் அது பொய் சொல்ல மறுத்ததுதான் வினையாகப் போயிற்று. இந்தக் கட்டடம் தாங்காது, இந்த நிறுவனத்தின் நற்பெயருக்குக் காலணா விலை கிடையாது என்று உள்ளதை உள்ளபடி அது எழுதிவைக்க, ஒரே ஆண்டில் பாதி நிறுவனங்கள் படுத்துவிட்டன. பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். ஊகம் மனிதனின் பிறப்புரிமை, அதை இயந்திரத்திடம் விடுவது மனித குலத்துக்கே இழுக்கு என்று தீர்மானம் போட்டார்கள். அன்றிலிருந்து கணக்கன் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டு, ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுக் காத்திருக்கும். மதிப்பீட்டுக் கட்டம் என்று அதற்குப் பெயர். அதை ஒரு மனிதர் பின்மூளையின் துணையில்லாமல் தன் கையால் நிரப்ப வேண்டும். நிரப்பியதை யாராலும் அழிக்க முடியாது.

இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பானேன் என்று யோசித்த நகரமன்றம், வேலையைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டியது. மூன்றாம் பருவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுதான் நகரத்தின் ஆண்டுக் கணக்கு. ஆளுக்கொரு நிறுவனம், ஆளுக்கொரு கட்டம். அனுபவம் கிடைக்கிறதே, அதைவிட என்ன ஊதியம் வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மாணவர்களும் நம்பினார்கள்.

பூங்கோதைக்கு இந்த ஏற்பாட்டில் யாரைப் பார்த்தாலும் இளக்காரமாக இருந்தது. பேராசிரியர் தணிகாசலத்தை அவள் பேசும் நோட்ஸ் என்றே நினைத்தாள். அவர் சொல்வதைத் தும்மல் உள்பட எழுதிக்கொள்ளும் சக மாணவர்களைப் பற்றி நினைக்கக்கூட மாட்டாள். மண்டைக்குள் சொந்தமாக ஏதாவது மிச்சமிருப்பது அந்த வகுப்பில் தனக்கு மட்டும்தான் என்பது அவள் எண்ணம். அது முழுக்கத் தவறும் அல்ல.

அன்று பாடம் தேய்மானம். ஒரு பொருளை வாங்கினால் அதன் விலையை அது உழைக்கப்போகும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஆண்டுக்கு ஒரு பங்காகச் செலவில் எழுத வேண்டும். ஆயுளைக் கூட்டிச் சொன்னால் செலவு குறையும். செலவு குறைந்தால் லாபம் ஏறும். லாபம் ஏறினால் இயக்குநர்களின் ஊக்கத்தொகை ஏறும். கடைசி இரண்டும் பாடத்தில் இல்லை.

“எழுதிக்கோங்க,” என்றார் தணிகாசலம். “மூச்சாலை. மீதி ஆயுள், முப்பது ஆண்டு.”

மூச்சாலை என்பது பனியை உருக்கி, நீரைப் பிளந்து, நகரத்துக்கே சுவாசக் காற்று தரும் ஒற்றை இயந்திரம். பூங்கோதை எழுந்து நின்றாள்.

“சார், போன வருஷ பேட்ச்சும் முப்பதுன்னுதானே எழுதினாங்க?”

“ஆமா.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அப்பவும் முப்பதுதான். கணக்கு சீரா இருக்கணும்மா. சீர்மைக் கோட்பாடு, ரெண்டாவது அலகு.”

“அப்ப அதுக்கு வயசே ஆகாதா சார்?”

வகுப்பு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

“வயசாகுறதெல்லாம் பொறியியல் துறை சமாச்சாரம். நாம மதிப்பு போடுறவங்க,” என்றார் தணிகாசலம்.

“அது இருமுற சத்தத்துல எங்க தளத்துச் சுவரெல்லாம் அதிருது சார்.”

“இருமல் சிலபஸ்ல இல்ல. உக்காரு.”

பக்கத்தில் இருந்த மகிழ்நன், ‘இருமல் சிலபஸில் இல்லை’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டான்.

அவள் வீடு அடித்தளத்தில் இருந்தது. காற்று மேல்தளத்தில் தொடங்கி, தளம் தளமாக இறங்கி, எல்லாரும் இழுத்துவிட்ட மிச்சமாக அங்கே வந்து சேரும். அண்ணன் பனி துளைக்கும் வேலையில் மாதக்கணக்கில் வெளியே கிடந்தான். வீட்டில் அவளும் அண்ணி வேணியும்தான். தினமும் எழும்போதே வேணிக்குத் தலை கனக்கும். நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்கே வருவாள். உதடு நீலம் பாரித்திருக்கும்.

“நீ பாஸ் பண்ணிட்டா மேல்தளத்துல வீடு குடுப்பாங்கல்ல?” என்று கேட்டாள் ஒருநாள், நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியபடி. “அங்கல்லாம் காத்து ஜில்லுனு வருமாமே.”

“குடுப்பாங்க அண்ணி.”

“அப்ப வாத்தியார எதுத்துப் பேசாத. அவர் என்ன சொல்றாரோ அத எழுதிட்டு வந்துரு. உனக்கு வாய் ஜாஸ்தி.”

தேர்வு நாளில் குலுக்கல் முறையில் அவளுக்கு வந்தது மூச்சாலையேதான். கணக்கன் எல்லாத் தொகைகளையும் போட்டு முடித்துவிட்டு, ‘மீதி ஆயுள்?’ என்று கேட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு நின்றது. முப்பது என்று எழுதினால் தேர்ச்சி, மேல்தளத்து வீடு, அண்ணிக்கு ஜில்லென்ற காற்று. ஆனால் மேல்தளத்துக்கும் காற்று தருவது அதே இயந்திரம்தானே? இவள் எழுதும் முப்பதை நம்பி இன்னும் ஓராண்டு அதை ஓட்டுவார்கள். பிறகு வேறொரு மக்கு வந்து முப்பது எழுதும். பாடப்புத்தகத்தின் அடிக்குறிப்பில் அவள் மட்டும் படித்த ஒரு விதி இருந்தது. மீதி ஆயுள் சுழியமானால் அந்தப் பொருளை உடனே கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்கினால் புதிது வாங்கித்தானே ஆக வேண்டும்? சுழியம் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். பேராசிரியரின் அறையில் மூச்சாலை வாரியத்தின் மேலாளர் ராயப்பன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?” என்றார் தணிகாசலம். “நான் வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“நெசத்த எழுதினேன் சார்.”

“நெசமாம்!” ராயப்பன் துள்ளினார். “இத இன்னைக்கே கணக்குலேருந்து எடுத்தாகணும்கிறாங்க. எடுத்துட்டு ஊரே மூக்கப் புடிச்சிட்டு நிக்கிறதா?”

“புதுசு வாங்கலாமே சார். வாரியத்துக்கிட்ட பணம் இருக்கு. நான்தான கணக்கப் பாத்தேன்.”

ராயப்பன் புண்பட்டவராகப் பார்த்தார். “அது ஊக்கத்தொகைக்குன்னு ஒதுக்கினதும்மா. அதுல போய்க் கை வைக்கச் சொல்றியே.”

தணிகாசலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார். அந்த முகத்தில் பூங்கோதை முதன்முறையாக அறிவின் ஒளியைக் கண்டாள்.

“எடுக்கணும்னுதான விதி? நிறுத்தணும்னு இல்லியே,” என்றார். “மதிப்பு சுழியமாயிட்ட பொருள பழைய இரும்பு விலைக்கு யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்.”

“யாருக்கு?”

“உங்க மச்சினர் பேர்ல ஒரு கம்பெனி சும்மா கெடக்குன்னு சொன்னீங்களே.”

ராயப்பன் வியர்வையைத் துடைப்பதை நிறுத்தினார்.

“அவர் வாங்குறார். அவர் கணக்குல அது இன்னைக்கு வாங்கின சொத்து, வயசு இன்னைலேருந்துதான். ஒரு பெயிண்ட் அடிச்சு அத உங்க வாரியத்துக்கே வாடகைக்கு விடுறார். வாடகைய ஜனங்க காத்துக் கட்டணத்துல குடுத்துருவாங்க. புது மூச்சாலைன்னா கட்டணம் ஏத்தினா யாரும் முணுமுணுக்க மாட்டாங்க.”

“சார், அது அதே மெஷின்தான சார்!” என்றாள் பூங்கோதை.

“மெஷின் அதேதான்மா. சொத்து வேற,” என்றார் அவர், உண்மையான பரிவோடு. “இதத்தான் நாலாவது அலகுல நடத்தினேன். நீ அப்ப ஜன்னலப் பாத்துட்டு இருந்த.”

புதிய நிறுவனத்துக்கும் ஒரு மதிப்பீட்டுக் கட்டம் இருந்தது. கணக்கன் காத்திருந்தது. தணிகாசலம் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இத நிரப்பிடு. தேர்வுல போன மார்க்கும் திரும்பக் கெடைச்சிரும்.”

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “முடியாது சார். நீங்க ரெண்டு பேரும் சேந்து ஊரக் கொல்லப் பாக்குறீங்க. நான் எழுத மாட்டேன்.”

அவர் வற்புறுத்தவில்லை. கதவைத் திறந்து, வெளியே விடுப்புக் கடிதத்தோடு காத்திருந்தவனைக் கூப்பிட்டார். மகிழ்நன் பின்மூளையை மரியாதையாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். கேள்வியைப் படிக்கக்கூட இல்லை.

“முப்பதுதான சார்?” என்றபடி எழுதிவிட்டுப் போனான்.

பூங்கோதை அடித்தளத்துக்கு ஓடினாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதே பழைய இயந்திரம்தான், பெயிண்ட் அடித்து ஏமாற்றப் போகிறார்கள் என்றாள். அவர்கள் அவளை வாஞ்சையோடு பார்த்தார்கள். பழையது உதவாது என்று தைரியமாக எழுதிப் புதியது வரவைத்த பெண் இவள்தான் என்று செய்தியில் அதற்குள் சொல்லிவிட்டார்கள். ராயப்பனே பேட்டி கொடுத்திருந்தார். அவளுக்கு முதல் வகுப்பில் தேர்ச்சியும், சிறந்த மாணவிக்கான பதக்கமும் அறிவித்திருந்தார்கள். அவள் போட்ட சுழியம் இல்லாமல் அந்த விற்பனையே சட்டப்படி நடந்திருக்காது அல்லவா? நன்றி மறப்பவர்கள் அல்லர் வாரியத்தார். அவள் கத்தக் கத்த, தெருக்காரர்கள் ‘எவ்வளவு அடக்கம் பார்’ என்றார்கள். மேல்தளத்து வீடு பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டது. மூச்சாலைக்குக் கிளிப்பச்சை வர்ணம் அடித்து, துருப்பிடித்த இடங்களில் கொடிகள் கட்டியிருந்தார்கள். நகரமன்றத் தலைவர் நாடாவை வெட்ட, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. இயந்திரம் ஒரு தடவை விக்கி, குலுங்கி, நீளமாக இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. புது இயந்திரத்துக்கு எவ்வளவு கம்பீரமான சத்தம் என்று முன்வரிசையில் ஒருவர் வியந்தார். உயர்த்தப்பட்ட காற்றுக் கட்டணத்தை அறிவித்தபோது கைதட்டல் எழுந்தது.

பூங்கோதை கழுத்தில் பதக்கத்தோடு கூட்டத்தின் நடுவில் நின்றாள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு ஆளுக்காவது காது கேட்கவில்லையா? மூக்கு வேலை செய்யவில்லையா? பின்மூளை போட்டவனும் போடாதவனும் ஒன்றாய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அருவருப்பாக இருந்தது.

பக்கத்தில் வேணி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆத்தாடி! கோதை, காத்தப் பாத்தியா? ஜில்லுனு வருதுடி. தலவலி போன எடம் தெரியல.”

அவள் உதடு நீலமாகவே இருந்தது.

“அண்ணி, உங்களுக்கு அறிவிருக்கா? அது…”

“இழுத்துப் பாருடி சும்மா! எல்லாத்துக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பா.”

அண்ணியையும் அந்தக் கூட்டத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று பூங்கோதை நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். சந்தேகத்தோடு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

நன்றாகத்தான் இருந்தது.