ஏழாம் நம்பர் அலை

ரயானிடம் இருந்த கறுப்புப் பெட்டியைச் செந்தமிழுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணம், அது அவ்வளவு நன்றாக இருந்தது.

அது ஒரு பழைய கிடார் பெடல். காலால் மிதிக்க ஐந்து பித்தான்கள், திருகுவதற்கு நான்கு குமிழ்கள், சேமித்து வைத்த சத்தத்தின் நம்பரைக் காட்ட ஒரு சிவப்புக் கண்ணாடி. கிடாரின் ஒயர் அதற்குள் போகும். அங்கிருந்து இன்னொரு ஒயர் ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு பித்தானை மிதித்தால் கிடார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் எதிரொலிக்கும். இன்னொன்றை மிதித்தால் கோபம் வந்த வண்டுபோல் உறுமும்.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஜமீல் மாமா அதை இளவயதில் வாங்கியிருந்தார். போன மாதம் ஊருக்கு வந்தபோது, தன் எலெக்ட்ரிக் கிடாரோடு சேர்த்து ரயானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதுவரை அந்தப் பள்ளியில் கிடார் என்றால் செந்தமிழ்தான். ஆறாம் வகுப்புப் படித்தாலும், ஆண்டு விழாப் பாட்டை அவளுடைய மரக் கிடார்தான் ஆரம்பித்து வைக்கும்.

இந்த வருடம் ரயான் பெடலில் ஏழாம் நம்பரைத் தட்டினான். கடல் அலை எழுந்து வந்து மணலில் சரிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவனே குமிழ்களைத் திருகித் திருகி உண்டாக்கி, ஏழாம் நம்பரில் சேமித்து வைத்தது.

"அடடா! நம்ம கடல் பாட்டுக்கு இதான் சரி" என்றார் ஜான்சி டீச்சர். "ரயான், நீ ஆரம்பிப்பா. செந்தமிழ், நீ பின்னாடி தாளத்துக்கு வாசிம்மா."

அந்தப் 'பின்னாடி' செந்தமிழின் தொண்டையில் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது.

திங்கட்கிழமை ஒத்திகை. ரயான் தலைமுடியைக் கோதிவிட்டு, ஏழாம் நம்பரை மிதித்தான்.

"மே...ஏ...ஏ..."

அலை வரவில்லை. ஆடு கத்தியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செந்தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்!" என்றான் ரயான். அவன் முகம் சிவந்துவிட்டது. அரைமணி நேரம் குமிழ்களைத் திருகி அலையைத் திரும்பக் கொண்டுவந்தான்.

செவ்வாய்க்கிழமை அதே ஏழாம் நம்பர் குக்கர் விசில்போல் அலறியது.

செந்தமிழுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. பெடலைப் போட்டதும் சிவப்புக் கண்ணாடியில் தாறுமாறாக எழுத்துகள் மின்னுவதை அவள் கவனித்திருந்தாள். அவளுடைய அம்மா விஜயலட்சுமி மரக்காணம் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அங்கே வந்த ஒரு பழைய பில் மெஷினும் இப்படித்தான் செய்தது. அணைத்தால் தேதியை மறந்துவிடும். அதற்குள் காசு அளவில் ஒரு சின்னப் பேட்டரி இருந்தது. கரண்ட் இல்லாதபோது மெஷினின் நினைவைக் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது.

'சொல்லிடலாமா?' என்று ஒரு மனம் கேட்டது.

'அவனே கண்டுபிடிக்கட்டும். அவன்தானே பெரிய ஆளு' என்றது இன்னொரு மனம்.

செந்தமிழ் இரண்டாவது மனத்தின் பேச்சைக் கேட்டாள்.

புதன்கிழமையும் ஆடு கத்தியது. ஜான்சி டீச்சர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கும் இப்படியே இருந்தா செந்தமிழே ஆரம்பிக்கட்டும். விழாவுக்கு ரெண்டு நாள்தான் இருக்குது."

அன்று மாலை செந்தமிழ் சைக்கிளில் பறந்தாள். சாலையோர உப்புக் குவியல்கள்கூட ஐஸ்கிரீம் மாதிரி தெரிந்தன. வழியில் ரயான் வீட்டு வாசல் படியில் அவனுடைய தங்கை தமன்னா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

செந்தமிழ் சைக்கிளை நிறுத்தினாள். "ஏன்டி அழுவுற?"

"அண்ணா பொட்டியை நான்தான் நோண்டிட்டேனாம். நான் தொடவே இல்லக்கா! அண்ணா என்கூட மூணு நாளா பேசவே மாட்றான். அம்மாவும் என்னையத்தான் திட்டுது."

செந்தமிழின் ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே நொடியில் உப்பாகிவிட்டது.

இப்படியே போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவள்தான் பாட்டை ஆரம்பிப்பாள். சைக்கிள் மிதிமேல் ஒரு காலை வைத்தாள். தமன்னா பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செந்தமிழ் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, தமன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரயான் பெடலின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இவ எதையும் தொடல" என்றாள் செந்தமிழ். "உள்ள ஒரு பேட்டரி செத்துப்போச்சு. அதான் அணைச்சதும் எல்லாத்தையும் மறந்துடுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

செந்தமிழ் தரையைப் பார்த்தாள். "பொறாமை. போதுமா?"

ரயான் எழுந்து நின்றான். "எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச! நான் பாத்தேன்."

"ஆமா. தப்புதான்."

ரயானுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவன் பார்வை தமன்னாவின் மேல் விழுந்தது. அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏய் தமன்னா... ஸாரிடி."

"மூணு நாளைக்கு மூணு ஸாரி சொல்லு" என்றாள் தமன்னா.

அவன் எண்ணி மூன்று சொன்னான்.

"எங்கம்மாகிட்ட எடுத்துட்டுப் போலாம்" என்றாள் செந்தமிழ்.

"திறக்கறதா? மாமா பத்திரமா வெச்சிருந்தது. அப்படியே வெச்சுக்கணும்." ரயான் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான்.

"அப்ப மாமாகிட்டயே கேளு."

மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போனது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது. "டேய், அது முப்பது வருஷப் பழசுடா! ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் நானே வாசிச்சேன். தாராளமா திறங்க. கழட்டுற பழைய பார்ட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, அவ்வளவுதான்."

கடையில் விஜயலட்சுமி திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே காய்ந்துபோன ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது.

"நம்மூரு கரப்பான் இல்ல இது" என்றான் ரயான். "ஷார்ஜாவுலேர்ந்து வந்தது."

"இதுக்கு யாருண்ணா விசா குடுத்தா?" என்று கேட்டாள் தமன்னா.

விஜயலட்சுமி சிரித்துக்கொண்டே பூச்சியை ஓரமாகத் தள்ளினார். "பேட்டரியை அப்படியே போர்டுல ஈயத்தால பத்த வெச்சிருக்காங்க. உப்புக்காத்து பட்டு ஓரமெல்லாம் பச்சை புடிச்சிருக்குது பாருங்க. இதை எடுத்துட்டு, அந்த எடத்துல ஒரு கூடு வெச்சிடறேன். இனிமே பேட்டரி தீந்தா நீங்களே கழட்டி மாட்டிக்கலாம்."

பிரஷ்ஷால் பச்சையைத் துடைத்தார். பழைய பேட்டரியை ஒரு சின்னக் கவரில் போட்டு ரயானிடம் கொடுத்தார். கூட்டைப் பொருத்தி, புதுப் பேட்டரியை அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது.

இப்போது பெடலுக்கு நினைவு இருந்தது. ஆனால் ரயானின் அலை போயே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கையோடு கொண்டுவந்த கிடாரையும் கடை ஸ்பீக்கரையும் பெடலில் மாட்டி, அவன் குமிழ்களைத் திருகினான். வண்டு வந்தது. கிணறு வந்தது. அலை மட்டும் வரவில்லை.

செந்தமிழுக்குக் காது கூர்மை. "ரொம்ப சீக்கிரம் அடங்குது. அலை திரும்பிப் போறப்ப 'சர்ர்ர்'னு ஒரு இழுப்பு இழுக்கும்ல, அது வேணும். மூணாவது குமிழைத் திருகு. இன்னும் கொஞ்சம்... போதும்!"

ரயான் கிடார் கம்பியைத் தட்டினான். கடைக்குள் கடல் வந்து போனது. முன்பிருந்த அலையைவிட இது நன்றாக இருந்தது.

காது செந்தமிழுடையது, கைதட்டல் அவனுக்கு! உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "ஏழாம் நம்பர்லயே சேமிச்சு வை" என்றாள்.

வியாழக்கிழமை ஒத்திகையில் அலை ஒழுங்காக வந்தது; ரயானே ஆரம்பிக்கட்டும் என்றார் டீச்சர். வெள்ளிக்கிழமை மதியம். பள்ளி மைதானத்துப் பந்தல் நிரம்பி வழிந்தது. ரயான் ஏழாம் நம்பரை மிதித்தான். அலை எழுந்து கூட்டத்தின்மேல் பரவியது. "ஓ!" என்றது கூட்டம். செந்தமிழ் பின்னால் நின்று தாளத்துக்கு வாசித்தாள். ரயானின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பாட்டின் பாதியில் டப்பென்று கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்தது. மைக் செத்தது. பெடலின் சிவப்புக் கண்ணாடி கறுத்தது. ரயான் கம்பியைத் தட்டினான். கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் சத்தம் வந்தது. பாடிய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது.

செந்தமிழ் மட்டும் நிறுத்தவில்லை. மரக் கிடாருக்குக் கரண்ட் எதற்கு? இரண்டடி முன்னால் வந்து இன்னும் அழுத்தி வாசித்தாள். முதல் வரிசையிலிருந்த தமன்னா கைதட்ட ஆரம்பித்தாள். அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுவதும் தாளம் போட்டது. பிள்ளைகள் மைக் இல்லாமலே தொண்டை கிழியப் பாடினார்கள்.

கடைசி அடிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்தது.

ரயான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பார்த்தான். ஆடா, குக்கரா? செந்தமிழ் வாசித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். மிதி!

மிதித்தான்.

அலை வந்தது. "சர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டு, செந்தமிழின் கிடாருக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாகப் போய்க் கரையில் முடிந்தன.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மேடைக்குப் பின்னால் ஒயர்களைச் சுருட்டும்போது ரயான் மெதுவாகச் சொன்னான். "கரண்ட் போனப்ப நீ தனியா வாசிச்ச பாரு... எனக்கு வயிறு எரிஞ்சுது தெரியுமா?"

"நெஜமாவா?"

"சத்தியமா."

செந்தமிழின் முகம் முழுவதும் சிரிப்பு பரவியது. "எங்கே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.