இடது மூலையில் ஒரு வளைவு

மார்ச் 14. இன்றைய தவறு: மேசையிலிருந்து கிளாம்பைக் கழற்றினேன், ப்ரோக்ராமிலிருந்து அதை நீக்க மறந்தேன்.

கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்படி உலோகம் அறுக்கும் மெஷினைப் பழக்கும் அந்த மாலை வகுப்பில் ஒவ்வொருவரும் தன் தவறையும் மறுநாள் வேலையையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் முதல் வரியை எழுதிவிட்டாள். இரண்டாவது வரவில்லை. உலோகத்தை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கிளாம்பை, கட்டர் சுற்றிப் போக வேண்டிய தடையாக இருந்த அதை, ப்ரோக்ராமிலிருந்தும் நீக்கிய பிறகும், மெஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வெறும் மேசைக்கு மேலே நேராக ஓடிவந்த கட்டர், இடது மூலையை நெருங்கியதும் வேகம் குறைந்து, சூடேறிய எண்ணெய் வாடையும் மெல்லிய முனகலுமாக, அங்கே இல்லாத எதையோ சுற்றிக்கொண்டு வழவழவென்று வளைந்து போனது.

"என்னம்மா, உன் மெஷின் யாருக்கு வழி விடுது?" என்றார் மாஸ்டர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன் சார். நேர்கோடுதான் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்ததைத்தான் அது செய்யும். அதுக்கென்ன சொந்த புத்தியா? போன பரீட்சையிலேயே கோட்டை விட்டாச்சு. நாளைக்கும் இப்படி வளைஞ்சா சர்டிஃபிகேட் கிடையாது, பாத்துக்கோ. சீக்கிரம் முடி, பூட்டணும்."

அவர் வராந்தாவுக்குப் போனார். அவள் எண்களை மறுபடி சரிபார்த்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே வளைவு. தப்பு தன்னுடையதுதான், எப்போதும் தன்னுடையதுதான் என்று பல்லைக் கடித்தபடி, கட்டர் போன தடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். அது ஒரே வளைவு இல்லை. நெருக்கமாக நான்கு மேடுகள். பக்கவாட்டில் தனியாக ஒன்று.

விரித்து வைத்த கை.

மேசையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அப்போதே அணைத்திருக்கலாம். எரிச்சல் பயத்தை முந்திக்கொண்டது. கொடுத்த கோட்டை விட்டு இம்மியும் விலகாதபடி ப்ரோக்ராமை மாற்றி, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

கட்டர் நேராகப் போனது. இடது மூலையில் சத்தம் கனத்தது. வெறுங்காற்றில். எதையோ அறுப்பதுபோல. நகம் கருகும் வாடை. பிறகு லேசான ஓட்டம். திரையில் நேர்கோடு, துளிப் பிசிறில்லாமல்.

"சரியாயிடுச்சா?" வராந்தாவிலிருந்து மாஸ்டர்.

"ஆயிடுச்சு சா..."

கண்ணாடிக் கதவில் ஆவி படர்ந்தது. உள்ளிருந்து. அதில் ஓர் உள்ளங்கை பதிந்தது. விரல்கள் இல்லை.

அதன் பக்கத்தில், மெதுவாக, முழுதாக, இன்னொரு கை.

அவள் பலகை வரை பின்வாங்கியே நடந்தாள். சாக்பீஸை எடுத்து இரண்டாவது வரியை எழுதினாள்.

நாளைய வேலை: வளைவைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.