ஒன்று, இரண்டு, நான்கு

மேசைமேல் மூன்று மானிட்டர்கள் நின்றன. அவற்றில் பெரிதாகத் தெரிந்த எண்கள் மட்டும் ஒன்று, இரண்டு, நான்கு.

"மூணு எங்கப்பா?" என்றார் சர்க்குலர்.

குழாயை இறுக மூடுவது பற்றிக்கூட அலுவலகத்தில் சுற்றறிக்கை விட்டவர் என்பதால் வந்த பெயர் அது. கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு அவருடையது. ஒற்றைத் திரையில் ஓட்டுவது பதவிக்கு அழகில்லை என்று பட்டதால், நடுவில் ஒன்று, இறக்கைக்கு ஒன்றாகப் பக்கத்தில் இரண்டு, இத்தனை திரைப் படங்களையும் இழுத்துக்கொண்டு போக இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு. "ஸ்டூல்ல ஏறினாலே உங்களுக்குத் தலை சுத்தும், இதுல விமானி வேற" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போயிருந்தாள். காய்ச்சலில் படுத்திருந்த ஏழு வயது மகளைப் பார்த்துக்கொள்வது அன்று அவர் பொறுப்பு.

கணினியைப் பொருத்த வந்திருந்த மெக்கானிக் குனிந்து கேபிள்களை எண்ணினான். "மூணு கேபிள்தான் சார் போட்டிருக்கேன். மெஷின் நாலு திரை இருக்குன்னு சொல்லுது."

"இந்த ரெண்டாவது கார்டு புதுசுதானே?"

"சீலை நீங்கதானே சார் கத்திரியால வெட்டினீங்க?"

வெட்டியது அவர்தான். இருந்தாலும் சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணம். கார்டை நெருங்கி முகர்ந்து பார்த்தார். சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் வேறொன்று இருந்தது. வெகுநேரம் மூடிக் கிடந்த அறையில், வியர்வையில் நனைந்த தலையணையிலிருந்து வருமே, அந்த வாடை. எவனோ பயன்படுத்திவிட்டுத் தள்ளிய சரக்கு என்று முடிவுகட்டினார்.

சுட்டியை வலப்பக்கம் நகர்த்தினார். வெள்ளை அம்பு இரண்டாம் திரையின் ஓரத்தைத் தாண்டியது. நான்காம் திரைக்கு உடனே வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அதற்குள் ஒரு முழுத் திரையின் அகலத்தைக் கடந்துவிட்டு வருவதுபோல, ஆற அமர வந்து சேர்ந்தது.

"அப்பா," பக்கத்து அறையிலிருந்து மகள் முனகினாள், "கூசுது. லைட் போடாதீங்க."

அந்த அறையில் விளக்கு எரியவில்லை. திரைச்சீலையும் இழுத்துவிட்டிருந்தது. காய்ச்சல் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மூணுல மட்டும் காட்டுன்னு ஒரு வசதி இருக்குல்ல? அதை அமுக்கினா திருட்டுத் திரை எங்க இருக்குன்னு அம்பலமாயிடும்."

"வேண்டாம் சார். மத்ததெல்லாம் இருட்டாயிடும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அமுக்கினார்.

மூன்று திரைகளும் ஒன்றாக அணைந்தன. கார்டுகளின் விசிறிகள் மட்டும், சளி கட்டிய நெஞ்சுபோல, இரைந்து இரைந்து ஓடின.

"ஒண்ணும் தொடாதீங்க சார். 'இப்படியே வெச்சுக்கவா'ன்னு மூணாவதுல கேட்டுட்டிருக்கும். யாரும் பதில் சொல்லலைன்னா பதினஞ்சு செகண்டுல தானா பழையபடி ஆயிடும்."

"பதினஞ்சு," என்றாள் மகள், உள்ளேயிருந்து. "பதினாலு. பதிமூணு."

சர்க்குலர் சுட்டியை விட்டுவிட்டு அறைப் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா எண்ணுற?"

"நான் எண்ணலப்பா. கண்ணை மூடினா நம்பர் வருது. பதினொண்ணு. சின்னச் சின்னப் படம் வரிசையா இருக்கு. கீழே 'வெச்சுக்கோ', 'வேண்டாம்'னு ரெண்டு பொத்தான் இருக்கு."

மெக்கானிக்கின் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. இருவரில் யாரும் குனியவில்லை.

"கண்ணைத் திறடா கண்ணு! திற!"

"திறந்துதான் இருக்கு. ஏழு. இப்பவும் தெரியுது."

தானாக மாறிவிடும். யாரும் தொடாவிட்டால் போதும். அவர் சுட்டியை மேசையிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அதன் சிவப்பு வெளிச்சம் கூரையில் நடுங்கியது.

"நாலு. அப்பா, அம்பு நகருது."

"நான் நகர்த்தலம்மா!"

"முதல் பொத்தான் கிட்ட போகுது. மூணு. அப்பா, அமுக்க வேண்டாம்னு சொல்லுங்கப்பா. ரெண்..."

டிக்.

அவர் கையிலிருந்து வந்த சத்தமில்லை.

ஓடினார். மகள் மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. கருவிழிகளில் நீலவெளிச்சம், அதில் கடுகு கடுகாகப் படங்கள், ஒழுங்கான வரிசையில். நடுவே ஒரு வெள்ளை அம்பு, அவசரமே இல்லாமல், எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். உடம்பு கொதித்தது.

"அப்பா?"

மடியிலிருந்தவள் வாய் அசையவில்லை. குரல் கணினி இருந்த அறையில், மானிட்டர்களின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. முதலில் இடது மானிட்டர். பிறகு நடு. பிறகு வலது. சுவரைத் தடவிக்கொண்டே வருகிற குரல்.

"அப்பா, எங்க இருக்கீங்க? இங்க கதவே இல்ல."

"சார்!" மெக்கானிக் அலறினான். "இது சரியில்ல சார். மெஷினை ஆஃப் பண்ணிடறேன்!"

"வேண்டாம்! தொடாதே! அவ அதுக்குள்ள..."

சுவிட்சு விழுந்தது.

விசிறிகள் இரைந்து, தேய்ந்து, நின்றன. வீட்டில் ஒரு சத்தமில்லை. மடியில் கிடந்தவளின் கண்கள் திறந்தே இருந்தன, கரியதாக, வழவழப்பாக. அணைந்த திரையில் தெரிவதுபோல, அவற்றில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.