எடைமானி சந்தேகப்பட்ட கேள்வி

எடைமானி என்ற புதிய தேர்வுக் கருவி முப்பத்தோராவது கேள்வியைக் கேட்டதும், கஸ்பார் தலையில் மாட்டியிருந்த அளவுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

"ஆளைக் கவுக்குற மிசினுல்லா இது! சரியாச் சொன்னா அடுத்தது இன்னும் கஷ்டமாக் கேக்குது. பாதிக்குப் பாதி தப்பாயிட்டு."

"எல்லாருக்கும் பாதி தப்பாத்தான் வரும் அண்ணாச்சி," என்றாள் தேர்வு அதிகாரி தமயந்தி. "எவ்வளவு கஷ்டமான கேள்வியில பாதி தப்புதோ, அதுதான் உங்க அளவு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆண்டுதோறும் அறிவை அளந்து காட்ட வேண்டிய காலம் அது. பழைய எண்ணுமானி சரியான விடைகளை எண்ணும். எளிய கேள்விக்கும் ஒன்று, கொம்பு முளைத்த கேள்விக்கும் ஒன்று. ஐம்பது வேண்டும். கஸ்பாருக்கு நாற்பத்தொன்பது. முப்பத்தெட்டு வருட வேலை ஒரே கேள்வியில் போயிற்று. எண்ணுமானியையும் புதிய எடைமானியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று எழுதி, தமயந்திதான் அவர் பெயரைச் சேர்த்தாள். ஆறாம் வகுப்போடு நின்றவனைப் படித்தவர்கள் சும்மா கூப்பிடுவார்களா என்று அவளையும் அவர் நம்பவில்லை.

"மாட்டுங்க அண்ணாச்சி."

"ஒங்க மூஞ்சிக்காக மாட்டுதேன்."

நாற்பதாவது கேள்வி முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது. தமயந்தி வாசித்தாள்: "கிரேனில் தொங்கும் பெட்டி ஊசலாடினால் மேலே ஓடும் வண்டியை நிறுத்து என்பது விடைத்தாளில் சரி. ஆனால் மற்ற கடினமான கேள்விகளில் வென்றவர்கள் இதில் தோற்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் வெல்கிறார்கள். தவறு விடைத்தாளில்."

"நிறுத்துனா இன்னும்லா ஆடும்! பெட்டி போற பக்கமே வண்டிய ஓட்டணும். எந்தப் பய எழுதுன விடை இது?"

பழைய தேர்வில் அவரைத் தள்ளியதும் இதே கேள்விதான். விடை திருத்தப்பட்டது; நாற்பத்தொன்பது ஐம்பதாயிற்று. கஸ்பார் தேறினார். அவருக்குக் கண் கலங்கியது. அவரைப் போலவே எதையும் நம்பாத ஒரு பிறவி, அவரை விட்டுவிட்டுக் கேள்வியைச் சந்தேகப்பட்டிருக்கிறது! இயந்திரத்தைத் தடவிக் கொடுத்தார். "நல்லா இருப்பே."

எடைமானி அதோடு நிற்கவில்லை. அந்தத் தவறான விடையால் தேறிய எல்லோரையும் மறுபடி எடைபோட்டது. அதிகாரிகளும் அதே தேர்வு எழுதி வந்தவர்கள்தாம். சரியாக ஐம்பது வாங்கியிருந்த தமயந்தியின் பெயர் திரையில் சிவந்தது. அவள் பதவியில் நீடிக்க, தேறிய ஒருவர் அவளுக்குத் திறமை உண்டென்று கைரேகை வைக்க வேண்டும். அந்த அறையில் தேறியவர் ஒருவர்தான் இருந்தார்.

"அண்ணாச்சி..." என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கஸ்பார் எழுந்து நின்று கைகூப்பினார். "எம் பொழப்ப மீட்டுத் தந்திய தாயி. சாகுற வரைக்கும் எஞ் செபத்துல ஒங்க பேரு இருக்கும்."

திரையருகே போன பெருவிரலை மடக்கிக்கொண்டார்.

"ஆனா, நீங்க கிரேன் ஓட்டி நான் பாத்ததில்லியே."