குடியரசுத் தாரை

நாற்றத்தை மறைக்க வாசனை தெளிக்கும் நறுமணத் தூவிகள் ஓய்ந்த பிறகுதான் விருந்தினர்களைச் சதுக்கத்துக்குள் விடுவார்கள். வழிகாட்டியான தமிழ்க்கொடி ஒலிவாங்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு அன்றைய உரையைத் தொடங்கினாள். குடியரசுத் தாரை என்ற இந்த நீரூற்று நடுக்கடலிலிருந்தே தெரியும் என்றாள். மழை பொய்த்த நாட்டின் தன்மானம் அது என்றாள். நாணயத்திலும் பள்ளிச் சீருடையிலும் அதன் உருவம்தான்.

உரையில் இல்லாதது ஒன்று உண்டு. நகரத்துக்கு இருந்தது ஒரே தண்ணீர். பகலெல்லாம் அது தாரையாகப் பொங்கும். விருந்தினர்கள் தொட்டியில் கால் நனைப்பார்கள், புறாக்கள் எச்சமிடும், விழா நாட்களில் நீலச் சாயம் கலப்பார்கள். அந்தி சாய்ந்ததும் நீர் மீட்பு நிலையம் அதையே அரைகுறையாக வடிகட்டி வீடுகளுக்கு அனுப்பும். குழாயில் நுரை வரும். சில நாள் யாருடைய தலைமுடியோ வரும். தமிழ்க்கொடி துணி கட்டிப் பிடித்து, மகள் நிலானிக்குக் கொடுப்பாள்.

அன்று உரையில் நெகிழ்ந்த வெளிநாட்டுத் தூதர் ஒருவர், வயதான பெண்மணி, குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயருகே கொண்டுபோனார். வரவேற்பு அதிகாரி ஆராவமுதன் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்மா. இது குடிக்கிற தண்ணி இல்ல."

காலையில் நிலானி குடித்த குவளை தமிழ்க்கொடியின் கண்முன் வந்தது. ஒலிவாங்கி அணைந்திருக்கவில்லை.

"நாங்க தினமும் இதைத்தான் குடிக்கிறோம்" என்றாள்.

மொழிமாற்றி அதைத் தூதரின் காதில் சொன்னது. அவர் கண்கள் கலங்கின. தேசத்தின் நீரைப் புனிதமாகக் கருதி அருந்தும் மக்கள் என்று புரிந்துகொண்டவர், கைதட்டினார். சதுக்கமே தட்டியது. வெளிறிப்போயிருந்த ஆராவமுதனும் தட்டினார். மறுநாளிலிருந்து எல்லா வழிகாட்டிகளும் அந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். போகும்போது, முத்திரையிட்ட வெளிநாட்டுத் தண்ணீர் பாட்டில் ஒன்றை அவள் கையில் திணித்தார். வீசியெறியத் தோன்றியது. குழந்தையை நினைத்து வாங்கிக்கொண்டாள்.

நிலானி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி பாட்டிலை நக்கிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பினாள்.

"அம்மா, இது நாறுது."

தண்ணீர் நாறாமலும் இருக்கும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. உதட்டை இறுக மூடிக்கொண்டு அழுதாள். தமிழ்க்கொடி மகளைத் தொடைகளுக்கிடையே இடுக்கி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஊற்றினாள். தொண்டை அசைந்து அது உள்ளே போகும்வரை பிடியைத் தளர்த்தவில்லை.