திரும்பி வரும் பக்கம்

டாக்டர் மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கோடு போட்டாள்.

முதல் மரத்தில் தேன்காரன் அதைக் கவனிக்கவில்லை. அடுத்ததில் கவனித்தான், மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டான். அதற்கும் அடுத்ததில் அவள் மஞ்சள் கோட்டை இழுத்து முடித்து, பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வழித்துவிட்டு, மரத்தைச் சுற்றிப் போகாமல் நேராக நடக்கத் தொடங்கியபோது, அவளுக்காக ஒதுக்கிப் பிடித்திருந்த கிளையை விடக்கூட மறந்து நின்றான்.

நடைப்பாதைக்கு அடையாளம் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு மரத்துக்கு இரண்டு கோடு வேண்டும்: போகிறவர் கண்ணில் படும்படி ஒன்று, திரும்பி வருகிறவர் கண்ணில் படும்படி மறுபக்கம் ஒன்று. மனிதனுக்கு முதுகில் கண் இல்லை என்பதுதான் காரணம். போகும்போது பார்த்த காடும் வரும்போது பார்க்கும் காடும் வேறு வேறு. பாதைகள்கூட மாறிவிடும். போகும்போது பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் ஒற்றையடிப் பாதை யார் கண்ணிலும் படாது. நம் பாதை நேராகத்தானே போகிறது, அது வந்து ஒட்டிக்கொண்டால் என்ன? ஆனால் திரும்பும்போது அதே இடம் கவையாகப் பிரிந்து நிற்கும். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் மரத்தின் மறுபக்கத்துக் கோடு.

இதெல்லாம் தேன்காரனுக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் முடியாது. இந்தப் பாதையின் மறுபக்கத்துக் கோடுகள் அத்தனையையும் சுரண்டி எடுத்தது அவன்தான்.

அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம். பல் டாக்டர். விடுமுறை நாட்களில் நடைக்குழுவோடு குன்று குன்றாக ஏறி இறங்குகிறவள். மங்கிப்போன பாதைக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலையை இந்த முறை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். மதியம் தேன்பெட்டிகளுக்கு நடுவே அவன் குனிந்திருந்தபோது வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

“தேன்காரரே, ஒரு கையில டின்னு, ஒரு கையில பிரஷ். கிளையை என்ன, வாயால கடிச்சா பிடிக்கிறது? கொஞ்சம் கூட வாங்க.”

“பெட்டி வேலை பாதியில கிடக்கு, டாக்டரம்மா.”

“இருட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். பல்லைப் பிடுங்கக் கூப்பிட்ட மாதிரியில்ல முழிக்கிறீங்க.”

வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அதனால் வந்தான்.

காற்று அசையாத பிற்பகல். பெயின்ட்டின் காட்டமான வாடை மூக்கில் ஏறி நின்றது. அதற்கு அடியில் ஈரமான பட்டையின் வாடை, அழுகிய இலையின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளத்துச் சதுப்பிலிருந்து வரும், நெடுநாள் மூடிக் கிடந்த பாத்திரத்தைத் திறந்தது போன்ற ஒரு புளித்த நெடி. அவள் ஒவ்வொரு மரத்திலும் முதலில் பாசியைத் துடைத்தாள், பிறகு ஈரத்தை ஒற்றினாள், பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. சுத்தமான கை. வாய்க்குள் வேலை பார்த்துப் பழகிய கை.

போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று சிலர் பிரித்துப் போடுவார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தேன்காரன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்படியென்றால் திரும்பும்போது அவள் அந்தப் பக்கங்களைப் பார்ப்பாள். பட்டை உரிந்து, சொறி போல வெளுத்துக் கிடக்கும் தழும்புகளைப் பார்ப்பாள். தேன்சட்டத்து மெழுகைச் சுரண்டும் தட்டை உளி விட்ட தடம், அகலம்கூட மாறாமல், மரத்துக்கு மரம்.

“பெயின்ட் போதுமா, டாக்டரம்மா?”

“போறதுக்குப் போதும்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். 

யாரையும் கொல்ல நினைத்து அவன் அதைச் செய்யவில்லை. மாலையில் களைத்துத் திரும்புகிற கூட்டம் அவன் வேலியில் சாயும், பெட்டிமேல் உட்காரும், பழத்தோலை எறியும், கொட்டு வாங்கினால் அவனைத் திட்டும். போகிறவர்கள் போகட்டும், திரும்பும்போது மட்டும் இந்தப் பக்கம் வழி தெரியாமல் அந்தண்டைத் தார் ரோட்டைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான். போகும் கோடுகள் அப்படியே இருந்ததால் பாதை தொடங்கும் முகப்பில் நின்று பார்க்கிறவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பாதை பள்ளத்தை நோக்கிச் சரியும் இடத்தில் அவள் நின்றாள். “அடுத்தது எந்த மரம்?”

அவன் கண் போய்விட்டது. யோசிப்பதற்கு முன்பே, தானாக, இடப்பக்கம் தள்ளி நின்ற பருத்த மரத்துக்குப் போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“அதை ஏன் பாத்தீங்க?”

“சும்மா.”

“சும்மாதான் இருக்கும். இந்தப் பக்கத்துல அதுல எதுவுமே இல்லையே. திரும்பி வர்றவங்களுக்குத்தான் அந்த மரம்.” அவள் சிரித்தாள். பற்கள் ஒரே சீராக இருந்தன. “கவை இருக்கிற இடம் இல்லையா?”

அவள் வேறு மரத்தைத் தேர்ந்து, பாசியைத் துடைக்க ஆரம்பித்தாள். பேச்சு அதே சாவகாசத்தில் தொடர்ந்தது.

“என் தம்பியை வீட்டுல நெட்டைன்னுதான் கூப்பிடுவோம். நிலைப்படி தலையில இடிக்காம ஒரு ரூமுக்குள்ள போனது கிடையாது. நான் போன நடைப்பாதைகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நான்தான் சொல்லி அனுப்பினேன். போடா, போற பக்கம் ஒரு கோடு, வர்ற பக்கம் ஒரு கோடு, குழந்தைகூடப் போயிட்டு வரும்னேன்.” ஒரே இழுப்பு. “போனான். போறதுல ஒண்ணும் தப்பு நடக்கல.”

பள்ளத்துச் சதுப்பில் பிணமாகக் கிடந்த அந்தப் பையன் இவள் தம்பியா? பனியில் வழி தவறிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். தேடிப் போனவர்களுக்குச் சுடச்சுடத் தேநீர் போட்டுக் கொடுத்ததே அவன்தான். பள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீளமான கால்களையும் பார்த்தான்.

“ஒரு சந்தேகம், தேன்காரரே. தேனீக்குச் சத்தம் கேக்குமா?”

“அதுக்குக் காது கிடையாதுங்க. அதிர்வுதான் தெரியும்.”

“உங்களுக்கு?”

“எனக்கென்ன?”

“கேக்கும்ல.”

பிரஷ் அந்தரத்தில் நின்றது. ஒரு துளி மஞ்சள் கீழே விழுந்தது. அவள் காத்திருந்தாள், பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வதற்குக் காத்திருப்பது போல, அவசரமில்லாமல்.

சொல்லியிருக்கலாம். அந்த மாலை பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தபோது பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்ததைச் சொல்லியிருக்கலாம். மறுபடி மறுபடி வந்தது. கத்தட்டும், நேற்று இந்த நடைக்காரர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்களே என்று அவன் மூடிமேல் மூடியாக வைத்துக்கொண்டே போனான். கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் குரல் நின்றுவிட்டது.

“எனக்கு எதுவும் கேக்கலைங்க” என்றான்.

அவள் தலையாட்டினாள். டின்னின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடி அவனிடம் நீட்டினாள். “கொஞ்சம் பிடிங்க.” பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள்.

பள்ளத்திலிருந்து பனி மேலேறி வந்தது. முதலில் கணுக்காலில் ஈரத்துணி போலச் சுற்றியது, பிறகு புதர்களை மூழ்கடித்தது, பிறகு அடிமரங்களை ஒவ்வொன்றாகக் கரைத்து, தொட்டுவிடும் தூரத்தில் நின்றவற்றை மட்டும் அவனுக்கு மிச்சம் வைத்தது. பறவைகளின் சத்தம் ஓய்ந்திருந்தது. அவள் இன்னும் வெளியே வரவில்லை.

“டாக்டரம்மா?”

மரத்தைச் சுற்றிப் போனான். யாருமில்லை. ஈர மண்ணில் செருப்புத் தடம்கூட இல்லை. அவன் சுரண்டிய தழும்பின் மேல், புத்தம் புதிதாக, ஒரு மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

அவனுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. திரும்பும் பக்கத்தையும் போட்டிருக்கிறாள். வேடிக்கை காட்டிவிட்டு முன்னால் போய்விட்டாள். பனியில் அந்த மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று. பெயின்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் போடுவார்கள். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். நடந்தான்.

சில மரங்கள் கடந்த பிறகுதான் கழுத்து வலிப்பதை உணர்ந்தான். ஒவ்வொரு கோட்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளுயரம்கூட இல்லை. இந்தக் கோடுகள் அவன் தலைக்கும் மேலான உயரத்தில் இருந்தன. மிக நெட்டையான ஒருவனின் கண் மட்டத்தில்.

டின் அவன் கையில் கனத்தது. மூடி இறுக மூடியிருந்தது. பெயின்ட் முழுவதும் அவனிடம்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழி ஏற்றம். கால்களுக்கு அது தெரியும். தொடையின் பின்புறம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. தரை இறங்கியது. மெத்தென்று ஆனது. ஒவ்வோர் அடியும் சப்பென்ற சத்தத்தோடு வெளியே வந்தது. வந்த வழியே போய்விடுவோம் என்று திரும்பினான். அவனுக்குப் பின்னால் இருந்த மரங்கள் மொட்டையாக நின்றன. தழும்பு மட்டும் இருந்தது. உளியின் அகலத்தில்.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினான். மஞ்சள். ஈரம். வழிந்துகொண்டிருந்தது.

இடப்பக்கம் பாய்ந்தான். அங்கேயும் மஞ்சள், அவனைப் பார்த்து. வலப்பக்கம். அங்கேயும்.

“டாக்டரம்மா! நான்தான். நான்தான் சுரண்டினேன். காட்டுங்க, வழியைக் காட்டுங்க.”

குரல் பனிக்குள் போனது. வெகுதூரத்தில், மேட்டில், அவன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பலகைமேல் பலகை வைக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். அவன் தேன்பெட்டிகளை யாரோ மூடிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி கத்தினான்.

டொக். இன்னொரு மூடி.

தொண்டை கிழியக் கத்தினான்.

டொக். அவசரமில்லை. அடுத்த பெட்டிக்கு நகர்ந்து போகும் இடைவெளி. பிறகு, டொக்.

மரங்கள் முடிந்துவிட்டன. கோடுகள் முடியவில்லை. ஒரு பாறையில் இருந்தது. சாய்ந்து கிடந்த கட்டையில் இருந்தது. பிறகு கோரைப்புல்லில், தாள் தாளாக, பெயின்ட் ஒட்டவே வழியில்லாத அந்த மெல்லிய தண்டுகளில், ஒரு தண்டில் விட்ட இடத்தை அடுத்த தண்டு தொட்டு, சேர்த்துப் பார்த்தால் ஒரே நேர்கோடு. நிற்க நினைத்தான். நின்ற இடம் உள்வாங்கியது. நின்றால் மூழ்கும். நகர்ந்தால் மட்டும்தான் தரை தாங்கியது, கோடு காட்டிய பக்கம் நகர்ந்தால் மட்டும்.

டின் கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கோரை விலகியது. கறுத்த தண்ணீர். அசைவில்லாத தண்ணீர். அதன்மேல், எட்டி வைத்தால் கால் படும் தூரத்தில், ஒரு மஞ்சள் கோடு. கரையவில்லை. பரவவில்லை. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால். நெட்டையன் ஒருவனின் நடைக்கு ஏற்ற இடைவெளியில், பனிக்குள், பனிக்குள்.

மேட்டில் கடைசி மூடி விழுந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

முழங்கால்வரை குளிர்ந்தது. வேறு வழியில்லாமல் காலை எட்டி வைத்தான். வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தான். கோடு தண்ணீரின் மேல் போடப்பட்டிருக்கவில்லை. அடியிலிருந்து மேல்நோக்கி விரிந்திருந்த ஒரு வெளுத்த உள்ளங்கையில் இருந்தது. அதன் நீண்ட விரல்கள் அவன் பாதத்தைச் சுற்றி, பத்திரமாக, மூடிக்கொண்டன. அடுத்த கோட்டின் கீழே அடுத்த கை விரிந்து காத்திருந்தது.